பயோரியாவா, பல்சூழ் அழற்சியா?

குமரி மாவட்டத்தில் குளச்சலிலும் சரி, குலசேகரத்திலும் சரி, ஈறில் ரத்தம் கசிந்தாலே 'பயோரியா' என்பதுதான் வழக்கு. கிரேக்கத்தில் 'பியோன்' சீழ், 'ரோயா' ஒழுக்கு. எலும்பு கரைந்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பை விழுந்து, அழுத்தினால் சீழ் வருகிற முற்றிய நிலைக்கு வைத்த பெயர் அது. சீழ் வந்தால்தான் நோய் என்று காத்திருக்க வைப்பதே இந்தச் சொல்லின் கெடுதல்.

மருத்துவர்கள் இரண்டாகப் பிரிக்கிறார்கள். 'ஜிஞ்சிவைட்டிஸ்' ஈறு அழற்சி. லத்தீனில் 'ஜிஞ்சிவா' ஈறு. சிவக்கும், வீங்கும், ரத்தம் கசியும். எலும்பு கெடாததால் முழுக்கக் குணமாகும். 'பெரியோடான்டைட்டிஸ்' பல்லைச் சுற்றிய திசுவும் எலும்பும் அழிவது. 'பல்சூழ் அழற்சி' என்பதே பொருத்தம். போன எலும்பு தானாகத் திரும்பாது. அழற்சியில் இருப்பது அழல், அதாவது நெருப்பு. ஈறு 'எயிறு' என்பதிலிருந்து வந்தது என்பர்; 'வாலெயி றூறிய நீர்' என்ற குறளில் (1121) எயிறு பல்லைக் குறிக்கிறது. விளவங்கோட்டில் மலையாளம் பேசும் வீடுகளில் ஈறுக்கு 'மோண' என்று பெயர்.

பிறப்பிலிருந்தே எச்ஐவியுடன் வாழும் இளையோருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம். எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்டி மாத்திரையை விடாமல் எடுப்பவர்களின் ஈறைப் பெரும்பாலும் நன்றாகவே காப்பாற்றலாம். விடுதி, கல்லூரி என்று இடம் மாறி மாத்திரை தவறும் வயதில்தான் சிக்கல். நோய் எதிர்ப்பைக் காட்டும் சிடி4 அணுக்களின் எண்ணிக்கை (ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில்) 200-க்குக் கீழே இறங்கினால் பற்களுக்கு இடையிலுள்ள ஈறு முனை குழிந்து அழுகலாம்: கடும் வலி, துர்நாற்றம், தானாக ரத்தம். அன்றே பல் மருத்துவரிடம் போக வேண்டும். அதற்கு முன்பே சிலருக்குப் பல்லோரமாக 2, 3 மில்லிமீட்டர் அகலத்தில் சிவப்புக் கோடு தெரியும். காறை (பல்லில் படிந்து இறுகிய அழுக்கு) குறைவாக இருந்தும் வரும், காறை எடுத்தும் போகாது. அப்போது கேண்டிடா பூஞ்சையைச் சந்தேகிக்க வேண்டும்.

ரத்தம் வருகிறதென்று துலக்குவதை நிறுத்துவதுதான் பெரிய தவறு. அழுக்கு தங்கி ரத்தம் கூடும். மென்மையான பிரஷை ஈறு விளிம்பில் 45 பாகை சாய்த்து, காலையும் இரவும் 2 நிமிடம், ஃபுளோரைடு பேஸ்ட்டோடு துலக்குங்கள். உமிக்கரியும் கல்லுப்பும் வேண்டாம். உரசி உரசி ஈறு இறங்கி வேர் தெரியும். ஈறு நோய் வந்தவர்கள் 3 மாதத்துக்கு ஒருமுறை காறை எடுப்பது நல்லது. குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதக் கரைசலை 10 மில்லி எடுத்து ஒரு நிமிடம் கொப்பளிக்கலாம். துலக்கி அரை மணி நேரம் கழித்துத்தான். பேஸ்ட்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும். 2 வாரத்துக்கு மேல் வேண்டாம், பல்லில் கறை பிடிக்கும்.

மாத்திரைப் பட்டியலைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். சில பூஞ்சை மருந்துகள் ஏஆர்டியோடு ஒத்துப்போகாது. எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், இசைவில்லாமல் அதை வெளியில் சொல்வதையும் 2017-ஆம் ஆண்டு எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் தடை செய்கிறது. சந்தேகங்களுக்கு தேசிய எய்ட்ஸ் உதவி எண் 1097-ஐ இலவசமாக அழைக்கலாம்.