புரொஜெக்டர் வாங்கும் முன் கூடத்தை அளந்து பாருங்கள்

தீபாவளி நெருங்கும்போது எனக்கு அழைப்புகள் கூடிவிடும். “அண்ணே, புரொஜெக்டர் வாங்கிட்டோம், வந்து மாட்டித் தர முடியுமா?” என்று கேட்பார்கள். ‘வாங்கிட்டோம்’ என்றதுமே எனக்குக் கவலை தொற்றிக்கொள்ளும். வீடுகளில் திரையும் ஒலியும் அமைத்துத் தருவது என் தொழில். இதில் நான் பார்க்கும் வீண்செலவில் பெரும்பகுதி, கருவியை முதலில் வாங்கிவிட்டு இடத்தை அப்புறம் யோசிப்பதால் வருவது. கூடம் எத்தனை மீட்டர், எவ்வளவு வெளிச்சம் வரும், மின்விசிறி எங்கே தொங்குகிறது என்று தெரியாமல் எந்த புரொஜெக்டர் நல்லது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் லூமென் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஏமாறுவது அதிகமும் இங்கேதான். இணையக் கடைகளில் மலிவாக விற்கும் சின்ன புரொஜெக்டர்களின் பெட்டியில் 9,000 லூமென், 15,000 லூமென் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். லூமென் என்பது வெளிச்சத்தின் அளவு. அதை எங்கே வைத்து அளந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கருவிக்குள் இருக்கும் எல்இடி விளக்கின் வெளிச்சத்தைச் சொன்னால் எண் பெரிதாக வரும். அந்த வெளிச்சம், படத்தை உருவாக்கும் எல்சிடி தகட்டையும் லென்ஸையும் தாண்டி வெளியே வருவதற்குள் பெரும்பகுதி உள்ளேயே அடங்கிப்போகும். ஆன்சி லூமென் என்பது வேறு. வெள்ளைப் படத்தைத் திரையில் விழவைத்து, ஒன்பது இடங்களில் அளந்து, சராசரி எடுத்துச் சொல்வது. ஐஎஸ்ஓ 21118 என்ற தரமும் ஏறக்குறைய இதே வழிதான். அப்படி அளந்தால் அந்தச் சின்னக் கருவிகளில் பல, சில நூறு லூமெனைத் தாண்டுவதில்லை.

சிலர் ‘ஆன்சி’ என்ற சொல்லையே பொய்யாகப் போட்டுவிடுகிறார்கள். அதற்கும் ஒரு வழி இருக்கிறது. கருவியின் அடியிலோ அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் சிறு எழுத்துச் சீட்டைப் பாருங்கள். எத்தனை வாட் என்று இருக்கும். உண்மையாகவே 3,000 லூமென் தரும் லேம்ப் வகை வீட்டு புரொஜெக்டர் 300 வாட் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். லேசர் வகை அதைவிடக் கொஞ்சம் குறைவாக இழுக்கும். மொத்தமே 70 வாட் எடுக்கும் கருவி 9,000 லூமென் தரும் என்று சொன்னால், அந்தக் கடையில் வேறு எதையும் வாங்காதீர்கள்.

சரி, நமக்கு எவ்வளவு வேண்டும்? திரையரங்கில் வெள்ளைப் படத்தின் பிரகாசம் சதுர மீட்டருக்கு 48 கேண்டலா இருக்க வேண்டும் என்பது தரம். 100 அங்குலத் திரை என்றால் 221 செ.மீ. அகலம், 125 செ.மீ. உயரம். சாதாரண வெள்ளைத் திரையில் அந்தப் பிரகாசம் வர 420 லூமென் இருந்தால் போதும். படிப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். ஆனால் இந்தக் கணக்கு முழு இருட்டுக்கு மட்டும்தான். அதோடு, நிறம் சரியாக வரும் சினிமா முறையில் வைத்தால் பெட்டியில் சொன்ன லூமெனில் கணிசமான பங்கு குறைந்துவிடும். லேம்ப் பழசாக ஆக இன்னும் மங்கும். அதனால் இரவில் படம் பார்க்கிற வீட்டுக்கு 2,000 ஆன்சி லூமென் சுற்றுவட்டாரத்தில் பார்க்கச் சொல்வேன்.

வெளிச்சம் இருக்கும் கூடம் என்றால் கதையே வேறு. புரொஜெக்டரால் கறுப்பு நிறத்தை வீச முடியாது. ஒளி படாத திரைதான் நமக்குக் கறுப்பு. பிற்பகல் வெயிலில் உங்கள் திரை எந்த நிறத்தில் தெரிகிறதோ, அதைவிடக் கறுப்பாகப் படத்தில் எதுவும் வராது. இரவுக் காட்சி, கறுப்புச் சட்டை, தலைமுடி எல்லாம் வெளுத்துச் சாம்பலாகத் தெரியும். 5,000 லூமென் போட்டாலும் இதற்கு முழு மருந்து கிடையாது. சிங்கப்பூரில் ஆண்டு முழுக்கக் காலை ஏழிலிருந்து மாலை ஏழு வரை வெளிச்சம். மேற்குப் பார்த்த வீடாக இருந்தால் மாலையில் சொல்லவே வேண்டாம். கூடுதல் லூமெனுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை ஒளி புகாத தடிமனான திரைச்சீலைக்குக் கொடுங்கள் என்றுதான் நான் எப்போதும் சொல்வது. திரையைச் சுற்றியுள்ள சுவருக்கு அடர்ந்த நிறம் அடித்தாலே படம் ஒரு படி தெளியும், ஏனென்றால் வெள்ளைச் சுவரும் வெள்ளைக் கூரையும் படத்தின் ஒளியையே திருப்பித் திரைமேல் வீசுகின்றன. பகலில் செய்தியும் தொடரும் பார்ப்பதுதான் வீட்டில் அதிகம் என்றால், தயங்காமல் நல்ல தொலைக்காட்சியாக வாங்குங்கள்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று. டிஎல்பி என்பது சில்லில் உள்ள நுண்கண்ணாடிகளால் படம் காட்டும் வகை. ஒற்றைச் சில்லு டிஎல்பி கருவிகள் சிலவற்றில், சுழலும் நிறச் சக்கரத்தில் வெள்ளைக்கென்று ஒரு பகுதி வைத்திருப்பார்கள். வெள்ளைப் பிரகாசம் அதனால் கூடும், சிவப்பும் மஞ்சளும் அந்த அளவுக்குக் கூடாது. கல்யாணக் காட்சியில் அரக்குப் பட்டுப்புடவை சேறு பூசியதுபோல் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். மூன்று எல்சிடி தகடு உள்ள வகைகளில் இந்தக் குறை இல்லை. டிஎல்பி படத்தில் கண்ணை வேகமாகத் திருப்பும்போது சிலருக்கு வானவில் கீற்றுகள் தெரியும். எல்லாருக்கும் தெரியாது. அதனால் வாங்கும் முன் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் கூட்டிப்போய்ப் பார்க்க வையுங்கள். கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்தில் ஒலி, ஒளிக் கருவிக் கடைகள் பல இருக்கின்றன. இருட்டு அறையில் போட்டுக் காட்டும் கடையாகப் பார்த்துப் போங்கள்.

அடுத்தது தூரம். ஒவ்வொரு புரொஜெக்டருக்கும் த்ரோ விகிதம் என்று ஒன்று உண்டு. திரை அகலத்தை அந்த எண்ணால் பெருக்கினால், லென்ஸுக்கும் திரைக்கும் இடையே வேண்டிய தூரம் கிடைத்துவிடும். புங்கோலில் ஒரு நாலறை வீடு. தொலைக்காட்சிச் சுவருக்கும் சோபாச் சுவருக்கும் இடையே 3.3 மீட்டர். 100 அங்குலத் திரையை முதலிலேயே மாட்டியிருந்தார்கள். வாங்கி வைத்திருந்த புரொஜெக்டரின் விகிதம் 1.5. பெருக்கிப் பார்த்தால் லென்ஸ் மட்டுமே 3.3 மீட்டரில் இருக்க வேண்டும், கருவியின் உடல் சுவருக்குள் போக வேண்டும்! கருவியின் நீளம், பின்பக்கக் கம்பிகள், சூடான காற்று வெளியேற இடைவெளி என்று 45 செ.மீ. விட்டால் அந்தக் கூடத்தில் 86 அங்குலம்தான் கிடைக்கும். விகிதம் 1.2 உள்ள கருவியாக இருந்திருந்தால் 2.65 மீட்டரில் வேலை முடிந்திருக்கும். விலையில் பெரிய வேறுபாடு இல்லை. பெட்டியைப் பிரித்துவிட்டதால் கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். அந்த வீட்டு அக்கா அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்க்கவே வருத்தமாக இருந்தது.

மின்விசிறியை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் கூரை உயரம் ஏறத்தாழ 2.6 மீட்டர். கூடத்து நடுவில் தொங்கும் விசிறியின் இறக்கை, கூரையில் மாட்டிய புரொஜெக்டரின் ஒளிப் பாதையில் அப்படியே குறுக்கிடும். படத்தின் மேல்பாதி துடித்துக்கொண்டே இருக்கும். கருவியை வாங்கும் முன், லென்ஸ் வரப்போகும் இடத்திலிருந்து திரையின் நான்கு மூலைகளுக்கும் நூல் பிடித்துப் பாருங்கள். நூல் எதிலும் படக்கூடாது. ஐந்து நிமிட வேலை.

லென்ஸ் சரியான உயரத்தில் இல்லையென்றால் படம் சரிவகமாக வரும். அதை நேராக்கக் கீஸ்டோன் என்ற வசதி இருக்கிறது, இப்போது அது தானாகவே வேலை செய்கிறது, விளம்பரத்திலும் அதைத்தான் பெரிதாகச் சொல்கிறார்கள். எனக்கு இது பிடிக்காத வசதி. காரணம், அது லென்ஸை நகர்த்துவதில்லை. படத்தைச் சுருக்கி, தகட்டில் உள்ள புள்ளிகளில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறது. விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, கறுப்புப் படம் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். படத்தைச் சுற்றிலும் சாம்பல் நிறத்தில் கோணலான ஒரு சட்டம் மங்கலாகத் தெரியும். வீணாகிற புள்ளிகள் கசியவிடும் ஒளி அது. வசன வரியை அருகே போய்ப் பார்த்தால் சாய்ந்த கோடுகள் படிப்படியாக உடைந்திருக்கும். லென்ஸ் ஷிஃப்ட் உள்ள கருவியில் லென்ஸே மேலும் கீழும் நகரும், ஒரு புள்ளிகூட வீணாகாது. அது இல்லாவிட்டால், கருவியைச் சரியான உயரத்தில் தண்டு போட்டு இறக்கி மாட்டுவதுதான் முறை. கருவியை மேசை ஓரத்தில் சாய்த்து வைத்துவிட்டுக் கீஸ்டோனை நம்பாதீர்கள்.

மாட்டும்போது பொய்க்கூரைப் பலகையில் திருகிவிட்டுப் போகும் ஆட்களும் இருக்கிறார்கள். சோபாவில் குழந்தைகள் உட்காரும் இடத்துக்கு நேர் மேலே தொங்கப்போகும் பொருள் அது. மேலே உள்ள கான்கிரீட்டில் ஆணி இறங்க வேண்டும், இதில் சமரசம் கூடாது. குளிர்சாதனக் கருவிக்கு நேர் கீழேயும் வேண்டாம், அதிலிருந்து தண்ணீர் சொட்டாத வீடு அபூர்வம்.

புது வீட்டுக்குச் சாவி வாங்கியவர்கள், புதுப்பிப்பு வேலை தொடங்கும்போதே புரொஜெக்டர் வரும் இடத்துக்கு மின்இணைப்பும் காலிக் குழாயும் போட்டு வைத்துவிடுங்கள். மின்வேலையை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். அந்தக் குழாய் வழியாக எச்டிஎம்ஐ கம்பி போகும். பத்து மீட்டர் நீளத்தில் சாதாரணச் செப்புக் கம்பி 4கே படத்தைத் தடையில்லாமல் கொண்டுபோகும் என்று எதிர்பார்க்க முடியாது, இடையிடையே திரை இருண்டு மீளும். ஒளியிழை எச்டிஎம்ஐ போடுங்கள். அதற்குத் திசை உண்டு, ஒரு முனையில் மூலம், மறுமுனையில் திரை என்று குறித்திருக்கும். மாற்றிப் போட்டுச் சுவரைப் பூசிவிட்டால் படமே வராது.

சுவரோரம் மேசையில் வைக்கும் மிகக் குறுந்தூர வகை, நம் கூடங்களுக்கு உண்மையிலேயே பொருந்துகிறது. விசிறித் தொல்லையும் இல்லை, கூரையில் துளையும் இல்லை. ஆனால் கீழிருந்து சாய்வாக ஒளி போவதால், சுவரில் உள்ள சின்ன மேடுபள்ளம்கூட அலையாகத் தெரியும். சுருட்டும் மலிவுத் திரை இதற்கு உதவாது. விறைப்பான சட்டத் திரை, அதிலும் கூரை வெளிச்சத்தைத் தள்ளிவிடும் வகை வேண்டும். அதன் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். தவழும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், லென்ஸுக்கு மேல் குனிந்து பார்த்தால் அணைந்துவிடும் உணர்கருவி வேலை செய்கிறதா என்று முதல் நாளே சோதியுங்கள்.

‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். தகட்டில் உள்ள உண்மையான புள்ளிகள் எத்தனை என்று கேளுங்கள். 1920க்கு 1080 இருந்தால் 100 அங்குலத்துக்கு நன்றாகவே இருக்கும். உள்ளே வரும் செயலிகளையும் பார்க்க வேண்டும். படங்களைத் திருட்டு நகலிலிருந்து காக்கும் பூட்டுக்கு வைட்வைன் என்று பெயர். அதன் எல்1 சான்று இல்லாத கருவியில் நெட்ஃபிளிக்ஸ் 480பி என்ற மங்கலான தரத்தைத் தாண்டாது.

ஒலியைத் தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டும். இப்போதைக்கு ஒன்று மட்டும். கனத்த அடியொலி தரும் சப்வூஃபரை நேரடியாகத் தரையில் வைக்காதீர்கள், அதிர்வு தளத்தின் வழியாகக் கீழ் வீட்டுக்காரரின் படுக்கையறைக்குப் போகும். தடித்த ரப்பர் மெத்தை போட்டு, இரவு பத்து மணிக்குமேல் அதை அணைத்துவிடுங்கள்.

பராமரிப்பில் நம் வீடுகளுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி, தினமும் ஊதுபத்தி, திறந்த சமையலறையிலிருந்து வரும் தாளிப்புப் புகை. இவை காற்றுவடியில் ஒட்டிப் பசைபோல் ஆகிவிடும், கருவி சூடாகித் தானாக அணையும். மலிவுக் கருவிகளில் ஒளிப் பகுதி மூடியிருக்காது, உள்ளே போன தூசி இருண்ட காட்சிகளில் வெள்ளைப் புள்ளியாக ஒளிரும். மாதம் ஒருமுறை காற்றுவடியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். புகைமூட்டக் காலத்தில் வாரம் ஒருமுறை. லேம்ப் வகையாக இருந்தால், விசிறி நின்ற பிறகுதான் சுவிட்சை அணைக்க வேண்டும்.

வாங்கிய முதல் வாரத்திலேயே முழு வெள்ளை, முழுக் கறுப்பு, பிறகு ஒரு முழுப் படம் என்று ஓட்டிப் பார்த்துவிடுங்கள். குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இங்கே 2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்தது. பொருள் கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது தரும்போதே இருந்த குறை என்றே எடுத்துக்கொள்வார்கள். இல்லை என்று காட்டுவது விற்றவரின் பொறுப்பு. இணையத்தில் பழைய பொருளாகத் தனியாள் ஒருவரிடம் வாங்கியதற்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. வெளிநாட்டு விற்பனையாளரிடம் போய் இதைக் கேட்டு நிற்பதும் கடினம். உள்ளூர்க் கடை ரசீதைப் பத்திரமாக வையுங்கள். கடைக்காரர் மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் அந்த ரசீதோடு போகலாம்.