முளைகட்டிய பயறு: பச்சையாகச் சாப்பிடும் முன்

போன மாதம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண், கையோடு எவர்சில்வர் டப்பா ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஐந்து மாதக் கர்ப்பிணி. "தினமும் காலையில முளைகட்டின பயறுதான் மேடம், பச்சையாவே சாப்பிடுறேன். நல்லதுதானே?" மூடியைத் திறந்ததும் புளிப்பு வாடை மூக்கில் ஏறியது. பயறு தொட்டால் வழவழவென்று ஒட்டியது. விசாரித்தால், துணியில் இறுக்கிக் கட்டி அடுப்புப் பக்கத்தில் இரண்டு நாள் வைத்திருந்திருக்கிறார். நடுவில் ஒருமுறைகூட அலசவில்லை.

முளை வர ஈரமும் வெதுவெதுப்பும் வேண்டும். கிருமிக்கும் அதே இரண்டும்தான் வேண்டும். பல நேரம் கிருமி நம் சமையலறைக்கு வருவதே விதையோடுதான். வயலில் சாணமோ, கிடங்கில் எலி எச்சமோ பட்டு, தோலின் நுண்ணிய விரிசலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. 2011இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமி பரவி ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள், 50 பேருக்கு மேல் இறந்தார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. முதலில் பழி விழுந்தது ஸ்பெயின் வெள்ளரிக்காய் மேல். பாவம் அந்த விவசாயிகள்! கடைசியில் விசாரணை வந்து நின்றது வெந்தய முளையில்.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நானே வாரம் இரண்டு முறை முளைகட்டுகிறேன். உலர்ந்த பயற்றில் அநேகமாக இல்லாத வைட்டமின் சி, முளைக்கும்போது உருவாகிறது. இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. வாயுவை உண்டாக்கும் சர்க்கரைகளும் குறைவதால் வயிறு உப்புவதும் கொஞ்சம் தணியும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பாசிப்பயறுதான் சரி. நாலு பேருக்கு ஒரு டம்ளர் போதும், ஊறி முளைத்தால் இரண்டு மடங்குக்கு மேல் பெருகிவிடும். உடைந்ததையும் சொத்தையையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, மூன்று நான்கு தண்ணீரில் கழுவி, குடிக்கும் தண்ணீரில் எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். ஊறவைத்த தண்ணீரை ஒட்ட வடித்துவிட வேண்டும், அடியில் தேங்கவே கூடாது. அதனால் துணி மூட்டையைவிடத் துளையுள்ள வடிதட்டுதான் என் தேர்வு. மேலே சுத்தமான ஈரத்துணி மூடி, ஆறேழு மணி நேரத்துக்கு ஒருமுறை அலசி வடியுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஒரு நாளில் வால் எட்டிப் பார்த்துவிடும். அரை சென்டிமீட்டர் வால் போதும், எடுத்து ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு நாளுக்குள் தீர்த்துவிடுங்கள். வாடையோ வழவழப்போ வந்தால் யோசிக்காமல் கொட்டுங்கள்.

கொள்ளு, கொண்டைக்கடலை, வெந்தயமும் இதே வழிதான், நேரம் மட்டும் முன்னே பின்னே ஆகும். ஆனால் சோளத்தை முளைகட்டி அப்படியே சாப்பிடாதீர்கள், அதன் முளையில் சயனைடைத் தரும் பொருள் இருக்கிறது. ராஜ்மாவை முளைத்திருந்தாலும் நன்றாகக் கொதிக்கவைத்தே சாப்பிட வேண்டும். விதைப்புக்கு விற்கும் விதையில் பூஞ்சைக்கொல்லி பூசியிருப்பார்கள், அது சமையலறைப் பக்கமே வரக்கூடாது.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள், புற்றுநோய்க்கோ மாற்றுறுப்புக்கோ மருந்து எடுப்பவர்கள் பச்சை முளையைத் தொடவே வேண்டாம். மற்றவர்களுக்கும் ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுவதைத்தான் சொல்வேன். இட்லிப் பானையில் பத்து நிமிடம், நன்றாக ஆவி ஏறும்வரை வைத்தால் ஆயிற்று.

அந்தப் பெண்ணிடமும் இதைத்தான் சொன்னேன். அவருக்கு மனசு ஆறவில்லை. "வேகவெச்சா வைட்டமின் சி போயிடுமே மேடம்?"

கொஞ்சம் போகும்தான். கடுகு, கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ தூவி இறக்கியபின் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்துகொள்ளச் சொன்னேன். போன வைட்டமின் சி அதிலேயே திரும்பிவிடும், பயற்றின் இரும்புச்சத்தும் கூடுதலாகச் சேரும்.

"அப்போ சுண்டல்னே சொல்லுங்க மேடம்" என்றார்.