காசு கொடுத்து வாங்கிய பாட்டும் படமும்: சட்டப்படி எவ்வளவு உங்களுடையது?

ஒரிஜினல் சிடியில் இருக்கும் பாட்டை போனுக்கு மாற்றிக்கொள்வது குற்றமா என்று பலருக்கும் சந்தேகம். குற்றமில்லை. இந்தியாவின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு நியாயமான அளவில் பயன்படுத்துவது உரிமை மீறல் ஆகாது என்கிறது. முன்பு இந்தச் சலுகை எழுத்து, நாடகம், இசை, கலைப் படைப்புகளுக்கு மட்டுமே இருந்தது. ஒலிப்பதிவுக்கும் சினிமாவுக்கும் கிடையாது. 2012 ஜூன் 21-ல் அமலுக்கு வந்த திருத்தம்தான் அவற்றையும் சேர்த்தது. அதே பாட்டை டெலிகிராம் சேனலில் ஏற்றினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். 63-ஆம் பிரிவின் கீழ் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபநோக்கம் இல்லாத வழக்குகளில் நீதிமன்றம் காரணத்தைப் பதிவு செய்து தண்டனையைக் குறைக்கலாம், அவ்வளவுதான்.

மென்பொருள் இந்தப் பொதுச் சலுகையில் வராது. ஆனால் முறையாக வாங்கியவர் பேக்கப் எடுத்துக்கொள்ள அதே பிரிவில் தனி அனுமதி உண்டு.

டிவிடியில் காப்பி எடுக்க முடியாதபடி பூட்டு போட்டிருந்தால்? 65ஏ பிரிவைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். அதை முழுசாகப் படித்தால், உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைப்பவருக்குத்தான் 2 ஆண்டு வரை சிறை. சட்டம் தடை செய்யாத காரியத்துக்காக உடைப்பதற்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. கடைக்காரர் உங்களுக்காக உடைத்துக் கொடுத்தால், உங்கள் பெயர், முகவரி, எதற்காக என்ற விவரங்களை அவர் எழுதி வைத்திருக்க வேண்டும். நடைமுறையில் யாரும் எழுதுவதில்லை; மாட்டினால் சிக்கல் அவருக்குத்தான்.

படித்த புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் போடத் தடையில்லை. ஒருமுறை விற்ற பிரதி புழக்கத்துக்கு வந்துவிட்டதாகவே 14-ஆம் பிரிவு கருதுகிறது. சினிமா, ஒலிப்பதிவு பற்றிய பகுதியில் அந்த வாசகம் இல்லை. ஆகவே டிவிடிகளை வாடகைக்கு விடும் தொழிலுக்குப் பதிப்புரிமை வைத்திருப்பவரின் அனுமதி வேண்டும். லாபநோக்கமற்ற நூலகம் இரவல் கொடுத்தால் அது வணிக வாடகைக் கணக்கில் சேராது.

ஆன்லைன் ஸ்டோரில் 'வாங்கு' பட்டனை அழுத்தும்போது கதையே வேறு. பெரும்பாலும் கிடைப்பது பிரதி அல்ல, பார்ப்பதற்கான உரிமம். 2019-ல் மைக்ரோசாஃப்ட் தன் மின்நூல் கடையை மூடியபோது வாங்கியவர்களின் நூல்களும் மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி 1 முதல், உரிமம்தான் தருகிறோம் என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்று போட முடியாது.

இந்தியாவில் கைகொடுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. மின்வணிகத்துக்கு அது தரும் விளக்கத்தில் டிஜிட்டல் பொருட்களும் அடங்கும். வாங்கிய படம் கணக்கிலிருந்து காணாமல் போனால் முதலில் பில், ஆர்டர் மெயில், 'வாங்கு' என்று காட்டும் பக்கம், இப்போது வரும் பிழைச் செய்தி எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். கணக்கை முடக்கிவிட்டால் பழைய ஆர்டர் பக்கத்தைத் திறக்கவே முடியாது. பலருடைய புகார் நொண்டியடிப்பது இங்கேதான். பிறகு நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் வந்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் அவர் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

'எப்போது வேண்டுமானாலும் காரணமின்றி நீக்குவோம்' என்ற நிபந்தனையையே எதிர்க்க விரும்பினால் மாவட்ட ஆணையத்துக்குப் போகாதீர்கள். நியாயமான காரணமின்றி ஒருதலைப்பட்சமாக ஒப்பந்தத்தை முறிக்கும் நிபந்தனை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற விளக்கத்துக்குள் வரும். அந்தப் புகாரை மாநில ஆணையம்தான் எடுத்துக்கொள்ளும்.