இன்னர் கிளாஸுக்குள் வெறும் பெயரால் மெத்தடை அழைக்காதீர்கள்

வாடிக்கையாளர் பெயர் வர வேண்டிய இடத்தில் ‘த்ரெட்-0’ என்று அச்சான ரசீதைப் பார்த்தால் டேட்டாபேஸைத் தோண்டாதீர்கள். ஜாவா கோடில் எங்காவது த்ரெட் கிளாஸை எக்ஸ்டென்ட் செய்த ஓர் இன்னர் கிளாஸ், அதாவது இன்னொரு கிளாஸுக்குள் எழுதிய கிளாஸ், இருக்கும். அதற்குள் யாரோ கெட்நேம் என்று வெறும் பெயரை மட்டும் எழுதியிருப்பார்கள். கோட் ரிவ்யூவில் இந்தக் குடும்பத்துப் பிழைகளை நான் அடிக்கடி பார்க்கிறேன், அனுபவசாலிகளின் கோடிலும்.

எழுதியவர் மனதில் இருந்தது வெளியே உள்ள கஸ்டமர் கிளாஸின் கெட்நேம். கம்பைலர் எடுத்ததோ த்ரெட் கிளாஸின் கெட்நேம்; ‘த்ரெட்-0’ என்பது அது தந்த த்ரெட்டின் பெயர். இரண்டுமே ஸ்ட்ரிங்கைத்தான் தருகின்றன, அதனால் எர்ரர் வர வழியே இல்லை. அதே ஃபைலில், சில வரிகள் மேலே, கண்ணெதிரே இருக்கும் மெத்தடை விட்டுவிட்டு, ஃபைலிலேயே இல்லாத ஒன்றை ஜாவா எடுத்துக்கொள்கிறது.

மெத்தடின் பெயரை ஜாவா உள்ளிருந்து வெளியே தேடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தவறவிடுவது அடுத்த பாதியை. இன்னர் கிளாஸில் பெயர் இல்லையென்றால் உடனே அவுட்டர் கிளாஸுக்குப் போய்விடாது. இன்னர் கிளாஸின் சூப்பர் கிளாஸ் (அது எக்ஸ்டென்ட் செய்த கிளாஸ்), அதற்கும் மேலே உள்ளது என்று உச்சியில் இருக்கும் ஆப்ஜெக்ட் கிளாஸ் வரை ஏறிப் பார்த்த பிறகுதான் ஒரு படி வெளியே வரும். அங்கும் அதே ஏற்றம். ஜாவாவின் மொழி வரையறை இதற்கு வைத்த பெயர் ‘காம்ப் ரூல்’, சீப்பு விதி.

பெயர் கிடைத்ததும் தேடல் நின்றுவிடும். ஆர்குமென்ட் பொருந்துகிறதா என்பது அதற்குப் பிறகுதான். உள்ளே ஆர்குமென்ட் இல்லாத பிரிண்ட், வெளியே இன்ட் வாங்கும் பிரிண்ட் என்று இருந்தால், உள்ளிருந்து பிரிண்ட்(5) என்று அழைக்க முடியாது. கம்பைலர் அப்போதே மறுத்துவிடும், நல்லதுதான். கோட்லின் மொழியிலோ பொருந்தவில்லை என்றால் வெளியே போய்த் தேடும். ஜாவாவிலிருந்து அங்கே மாறுகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

என்னைக் கவலைப்பட வைப்பது, இன்று சரியாக ஓடும் கோட் நாளை மாறிப்போவது. பயிற்சி வகுப்புகளுக்கான ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். கோர்ஸ் கிளாஸில் இஸ்விர்ச்சுவல் என்று ஒரு மெத்தட். ஆன்லைன் வகுப்பா, நேரடி வகுப்பா என்று சொல்லும். அதற்குள் த்ரெட்டை எக்ஸ்டென்ட் செய்த ஓர் இன்னர் கிளாஸ் அதை வெறும் பெயரால் அழைக்கிறது. ஜாவா 17-இல் எந்தப் பிரச்சினையும் இல்லை. 2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21-இல் விர்ச்சுவல் த்ரெட்டுகள் என்ற இலகுவான வகை த்ரெட்டுகள் நிலைபெற்றன. த்ரெட் கிளாஸுக்கே இஸ்விர்ச்சுவல் என்ற மெத்தட் வந்துவிட்டது. புதிய ஜேடிகேவில் (கம்பைலர் அடங்கிய ஜாவா தொகுப்பு) கம்பைல் செய்த உடனே அழைப்பு அங்கே திரும்பிவிடும். உங்கள் த்ரெட் சாதாரண த்ரெட் என்பதால் எப்போதும் ஃபால்ஸ்தான் வரும். ஆன்லைன் மாணவருக்கு வகுப்பறை எண் போகும். நீங்கள் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை.

இதில் இன்னொரு சிக்கல். ஏற்கெனவே கம்பைல் ஆன பழைய ஜார் ஃபைலை அப்படியே ஜாவா 21-இல் ஓட்டினால் சரியாகவே ஓடும், ஏனென்றால் எந்தக் கிளாஸின் மெத்தட் என்பது கம்பைல் ஆகும்போதே பைட்கோடில் பதிந்துவிடுகிறது. ரன்டைமை மட்டும் மாற்றிச் சோதித்துவிட்டு ‘எல்லாம் ஓகே’ என்று கையெழுத்திடும் குழுக்களுக்கு இது சில வாரம் கழித்து, அடுத்த பில்டில்தான் தெரியவரும்.

ஜாவா மொழி வரையறையை எழுதியவர்களில் ஒருவரான கிலாட் பிராச்சா, பிறகு தாம் முன்னின்று வடிவமைத்த நியூஸ்பீக் மொழியில் இந்த வரிசையை மாற்றினார்: சுற்றியிருக்கும் கிளாஸுக்கு முன்னுரிமை, சூப்பர் கிளாஸ் அதற்குப் பிறகு. அதுதான் சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் ஜாவா அப்படி மாறப்போவதில்லை.

ஆகவே அவுட்டர் கிளாஸின் மெத்தட் வேண்டுமென்றால் கஸ்டமர்.திஸ்.கெட்நேம் என்று முழுசாக எழுதுங்கள். நீளமாக இருக்கிறது என்று ரிவ்யூவில் யாராவது சொன்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். த்ரெட்டை எக்ஸ்டென்ட் செய்வதற்குப் பதில் லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) கொடுக்கலாம்; லாம்டாவுக்குத் தனி ‘திஸ்’ கிடையாது, வெறும் பெயர் நேராக வெளிக் கிளாஸுக்கே போகும். ஆனால் ஏற்கெனவே உள்ள அனானிமஸ் கிளாஸை (பெயரில்லாத இன்னர் கிளாஸை) லாம்டாவாக மாற்றும்போது கவனம்: அதற்குள் வெறும் டூஸ்ட்ரிங் இருந்தால் இதுவரை உள் ஆப்ஜெக்ட்டுடையதாக இருந்தது, இனி வெளி ஆப்ஜெக்ட்டுடையதாகிவிடும்.

சூப்பர் கிளாஸுடையதா, அவுட்டர் கிளாஸுடையதா என்று மயக்கம் தரும் அழைப்புகளைக் காட்டிக்கொடுக்க, பிழை தேடும் கருவியான ஸ்பாட்பக்ஸில் தனியாக ஒரு சோதனையே இருக்கிறது. ஜேடிகே மாற்றும் வேலை கைக்கு வந்தால், புதிய பதிப்பில் முழுவதையும் மறுபடி கம்பைல் செய்துவிட்டு அதை ஓட்டுங்கள்.