ஸ்விட்சை அணைத்த பிறகும் எதிரொலித்த அறை

நம் கருத்தே நமக்குத் திரும்பத் திரும்பக் கேட்கும் நிலையை, சமூக ஊடகத்தைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் இன்று 'எதிரொலி அறை' என்கிறார்கள். எங்கள் ஒலித் தொழிலில் அது நிஜமான ஓர் அறை. சுவரெல்லாம் வழவழவென்று கெட்டிப் பூச்சு, ஒரு பக்கம் ஸ்பீக்கர், மறுபக்கம் மைக். பாடகரின் குரலை ஸ்பீக்கரில் விட்டு, அது சுவர்களில் மோதித் திரும்புவதை மைக்கில் பிடித்து, மூலக்குரலோடு கலப்பார்கள். குரல் பெரிதாகிவிடும், ஆனால் புதிதாக ஒரு சொல்கூடச் சேர்ந்திருக்காது.

இதையே மனத்தில் வைத்து ஒரு கண்காட்சிக்காக நிறுவல் (உள்ளே போய் அனுபவிக்கும் கலைப்படைப்பு) ஒன்றை வடிவமைத்தேன். இருட்டறை, வட்டமாக எட்டு ஸ்பீக்கர், மேலே ஆள் எங்கே நிற்கிறார் என்று பார்க்கும் சென்சார். பள்ளிப் பிள்ளைகள் கையில் கைபேசி கொடுக்கலாமா என்ற கேள்விக்கு எட்டுப் பேர் சொன்ன பதில்கள், ஆளுக்கொரு ஸ்பீக்கரில், ஒரே சத்தத்தில். உள்ளே வருபவர் எந்தக் குரலருகே நிற்கிறாரோ அந்தக் குரல் மெல்ல மெல்ல மற்ற ஸ்பீக்கர்களுக்கும் பரவும்.

பரவும் விதத்தில்தான் வேலை இருக்கிறது. திரும்பி வரும் ஒலி சுமார் 30 மில்லிசெகண்டுக்குள் வந்துவிட்டால் (காற்றில் ஏறக்குறைய பத்து மீட்டர் தூரம்) காது அதைத் தனி ஒலியாகப் பிரிக்காது, குரல் கொஞ்சம் தடித்திருப்பதாகத்தான் எடுத்துக்கொள்ளும். அதையும் தாண்டித் தாமதமாக வந்தால் இரண்டாவது ஆள் பேசுவதுபோல் ஆகிவிடும். அதனால் ஒரே பதிவை வெவ்வேறு தாமதத்தில், சுருதியைத் துளித்துளி மாற்றி, ஏழு ஸ்பீக்கரில் விட்டால் ஒரு கூட்டமே ஆமோதிக்கிற மாதிரி இருக்கும். மனத்துக்கும் இதே பலவீனம் உண்டு: ஒரே ஆள் ஒரு கருத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாலும், அந்தக் கருத்துக்கு ஆதரவு அதிகம் என்று கேட்பவர்கள் கணிப்பதாக 2007இல் ஓர் ஆய்வு வெளியானது.

மற்ற ஏழு குரல்களை என்ன செய்வது? முதலில் சத்தத்தைக் குறைத்தேன். எடுபடவில்லை, குரல் காணாமல்போனால் மக்கள் உடனே கவனித்துவிடுகிறார்கள். அப்புறம் சத்தத்தை அப்படியே விட்டுவிட்டு, ச, ப, க போன்ற எழுத்துகளைத் தெளிவாக்கும் உயர் அதிர்வெண்களை மட்டும் வடிகட்டினேன், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல. இது பிரமாதமாக வேலை செய்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. வெளியே வந்தவர்கள் அந்தக் குரல்களைப் பற்றி "அவங்க ஏதோ உளறிட்டு இருந்தாங்க" என்றார்கள். உளற வைத்தது என் ஃபில்டர். முழு வாக்கியமாகக் கேட்காத, துண்டு துண்டாக மட்டும் வந்து சேர்கிற எதிர்க்கருத்து எல்லாமே நமக்கு முட்டாள்தனமாகப் படுவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முடிவுக்கு ஒரு 'திருப்பம்' வேண்டுமே என்று, கடைசி நிமிடத்தில் எதிர்க்கருத்தைத் திடீரென்று தெளிவாகவும் சத்தமாகவும் ஒலிக்கவிட்டேன். தப்பு. மக்கள் பின்வாங்கினார்கள், சிலர் அறையை விட்டே போய்விட்டார்கள், பேசிப் பார்த்தால் முன்பைவிடப் பிடிவாதமாக இருந்தார்கள். 2018இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்விலும் இதைப் போல ஒன்று உண்டு. ட்விட்டரில் எதிர்த்தரப்புப் பதிவுகளைத் தரும் தானியங்கிக் கணக்கு ஒன்றை ஒரு மாதம் பின்தொடர வைத்தபோது, குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் இன்னும் பழமைவாதப் பக்கமே சாய்ந்தார்கள். திருப்பத்தைத் தூக்கிவிட்டேன்.

சரி, இதுவரை நடந்தது சாதாரணத் திருத்த வேலை. உண்மையான அடி அப்புறம்தான் விழுந்தது.

சோதனைக்கு வந்தவர்களிடம் "அறை போகப் போக உங்களோடு ஒத்துப்போனதைக் கவனித்தீர்களா?" என்று கேட்பேன். கிட்டத்தட்ட எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்குச் சந்தோஷம், நிறுவல் தயார் என்றே முடிவுகட்டிவிட்டேன். கூட வேலை செய்யும் புரோகிராமர் மட்டும், "ஒரு நாள் குரலைப் பரப்புற அந்தப் புரோகிராமை அணைச்சுட்டு ஓட்டிப் பாருங்களேன்" என்றார். அணைத்தோம். எட்டுக் குரலும் கடைசிவரை சமமாக ஒலித்தன, எதுவும் பரவவில்லை, எதுவும் மங்கவில்லை. அதே கேள்வியைக் கேட்டேன். அன்றும் பெரும்பாலானவர்கள் ஆமாம் என்றார்கள்.

பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960இல் வெளியிட்ட சோதனை ஒன்று உண்டு, இந்த நிறுவலுக்காக நானே நாலு பேருக்கு விளக்கியிருக்கிறேன். 2, 4, 6 என்ற எண்கள் ஒரு விதிக்கு உட்பட்டவை, வேறு மூன்று எண்களைச் சொல்லிச் சொல்லி விதியைக் கண்டுபிடியுங்கள் என்பார். ஆட்கள் 8, 10, 12 என்பார்கள், 20, 22, 24 என்பார்கள், எல்லாவற்றுக்கும் ஆமாம் வரும், 'இரண்டு இரண்டாகக் கூடுகிறது' என்று அறிவித்துவிடுவார்கள். விதி அதுவல்ல, ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் சரி. 29 பேரில் 6 பேர்தான் முதல் முறையே சரியாகச் சொன்னார்கள். தங்கள் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைச் சொல்லிப் பார்க்கலாம் என்று மற்றவர்களில் பெரும்பாலோருக்குத் தோன்றவே இல்லை. இதை மேடை போட்டு விளக்கிக்கொண்டே, என் சோதனையில் நானும் 8, 10, 12 மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன்!

அந்த ஒரு நாள் வேறொன்றையும் பிரித்துக் காட்டியது. எதிரொலி அறையும் உறுதிப்படுத்தல் சார்பும் (ஏற்கெனவே நம்புவதற்கு ஒத்துப்போவதை மட்டுமே தேடிக் கவனிக்கும் பழக்கம்) ஒன்றல்ல. முதலாவது வெளியே இருக்கும் ஏற்பாடு, யாரோ கட்டியது, அணைக்கலாம். இரண்டாவது, உள்ளே நுழையும் ஆள் தன்னோடு கொண்டுவருவது. எட்டுக் குரல் சமமாக ஒலித்தாலும் அவர் ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டு வருவார். எல்லாப் பழியையும் அல்காரிதத்தின் தலையில் போடும் கட்டுரைகளைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த அணைத்த நாள் ஞாபகம் வருகிறது. (அல்காரிதம் அப்பாவி என்று சொல்லவில்லை. அந்த ஃபில்டரை எழுதியவன் நான்தானே.)

இப்போது நிறுவலில் இரண்டு சுற்று. ஒன்றில் அந்தப் புரோகிராம் ஓடும், மற்றதில் ஓடாது, எது எதுவென்று வருபவருக்குத் தெரியாது, வாசலில் நிற்கும் உதவியாளருக்கும் தெரியாது. கேள்வியையும் மாற்றிவிட்டேன்: "எத்தனை பேர் பேசினார்கள்? உங்களோடு உடன்படாத ஒருவர் சொன்ன காரணம் ஒன்றைச் சொல்லுங்கள்." இரண்டாவதற்குத்தான் நீண்ட மௌனம் வருகிறது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கரும் எவ்வளவு ஒலித்தது என்ற வரைபடத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுக்கிறோம். அணைத்த சுற்றின் வரைபடத்தில் எட்டுக் கோடும் ஒரே மட்டத்தில் இருக்கும்.

போன வாரம் ஒருவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துவிட்டு, உங்கள் பிரின்டரில் ஏதோ கோளாறு என்றார். பிறகு தாளோடு மறுபடி உள்ளே போனார்.