பள்ளத்தில் ஒளிந்திருக்கும் பளபளப்பு

புதுக் காரின் டாஷ்போர்டு பெரும்பாலும் பளபளக்காது. விரலால் தடவிப் பார்த்தால் தோல் போல லேசான சொரசொரப்பு தட்டுப்படும். அந்த வார்ப்பு அழகுக்காக மட்டும் அல்ல. டாஷ்போர்டில் பட்ட வெயில் முன்கண்ணாடியில் பிரதிபலித்தால், ஓட்டுபவரின் கண்ணுக்கும் சாலைக்கும் நடுவே வெளிறிய திரை ஒன்று விழும். அதைக் குறைக்கத்தான் அடர்நிறமும் மினுங்காத 'மேட்' பரப்பும். அதனால், பாலிஷ் போட்டு 'புதுசு மாதிரி' ஆக்குகிறோம் என்று சொல்வது கொஞ்சம் வேடிக்கைதான். புதுசு அப்படி இருக்கவே இல்லையே. அந்தப் பாலிஷ் பளபளப்பு எப்படி வருகிறது, அதை எப்படிக் கழுவி எடுப்பது என்று பார்ப்போம்.

சொரசொரப்பு என்பது நுண்ணிய மேடுபள்ளங்கள். அவற்றில் படும் ஒளி பல திசைகளில் சிதறிவிடும். மேலே எண்ணெய் படிந்தால் முதலில் பள்ளங்கள் நிரம்பும். பிறகு மேற்பரப்பு மட்டமாகிவிடும். ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். பாலிஷ்களில் உள்ள சிலிக்கோன் எண்ணெய்க்கு அது சுமார் 1.4, டாஷ்போர்டு பிளாஸ்டிக்குகளுக்கு ஏறக்குறைய 1.5. இரண்டும் நெருக்கமாக இருப்பதால், எண்ணெய்க்கு அடியில் உள்ள மேடுபள்ளத்தை ஒளி அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மேலே உள்ள வழவழப்பான எண்ணெய்ப் பரப்பிலேயே பட்டு, ஒரே திசையில் திரும்புகிறது. மழை பெய்த இரவில் தார்ச்சாலை எதிரே வரும் வண்டியின் விளக்கைக் கண்ணாடி போலத் திருப்பி அடிப்பதும் இதே சங்கதிதான். சிதறும் ஒளி குறைவதால் கருப்பு இன்னும் கருப்பாகத் தெரியும். பாலிஷ் விற்பனைக்கு இந்த மாயம் போதும்.

பாலிஷ் பால்நிறத்தில் இருந்தால், பெரும்பாலும் அது தண்ணீரில் மிதக்கும் சிலிக்கோன் நுண்துளிகள். தண்ணீர் ஆவியாகிவிடும், சிலிக்கோன் அப்படியே தங்கிவிடும். வெயிலில் டாஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடானாலும் அது சுலபமாகப் போவதில்லை. இன்னொரு சிக்கல், அதன் பரப்பு இழுவிசை, அதாவது திரவத்தின் மேற்பரப்பு தன்னைச் சுருக்கிக்கொள்ளும் விசை. தண்ணீருக்கு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன் என்றால், சிலிக்கோன் எண்ணெய்க்கு 21தான். அதனால் அது துளியாக நிற்காமல் தானே பரவி, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இடுக்குக்குள்ளும் இறங்கிவிடும். கார் பெயிண்ட் அடிப்பவர்கள் சிலிக்கோன் என்றாலே முகம் சுளிப்பது சும்மா இல்லை. அதன் சுவடு கொஞ்சம் இருந்தாலும் புதுப் பெயிண்ட் அந்த இடத்தில் ஒட்டாமல் விலகிக் குழி விழும்.

இப்போது ஒரு உலர்ந்த துணியால் துடைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். துணி மேடுகளைத்தான் தொடும். பள்ளத்தில் இருப்பது அசையாது, கொஞ்ச நேரத்தில் மறுபடி மேலே பரவிவிடும். வெறும் தண்ணீரும் உதவாது. சிலிக்கோன் மேல் அது முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

பாத்திரம் கழுவும் திரவத்தில் சில சொட்டுகளை வெதுவெதுப்பான தண்ணீரில் கலந்தால் கதை மாறுகிறது. சோப்பு மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரையும் மறுமுனை எண்ணெயையும் பிடித்துக்கொள்ளும். தண்ணீரின் பரப்பு இழுவிசை குறைந்து, கரைசல் பள்ளத்துக்குள் நுழைகிறது. எண்ணெய்ப் படலம் துளித்துளியாகப் பிரிகிறது. ஆனால் அதைக் கிளப்பிவிட ஏதாவது உள்ளே போய்க் கிளற வேண்டும். அதற்குத்தான் மென்மையான பிரஷ். கரைசலை டாஷ்போர்டில் நேராகத் தெளிக்காமல் பிரஷிலோ துணியிலோ தொட்டுக்கொள்வது நல்லது. பட்டன்களுக்கும் ஏசி துவாரங்களுக்கும் பின்னால் மின்கருவிகள் இருக்கின்றன.

அடுத்த படியில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிரிந்த எண்ணெய் இன்னும் நுரைக்குள்தான் இருக்கிறது. காயவிட்டால் சோப்பும் சேர்ந்து அங்கேயே படியும். அதனால் ஈரம் காய்வதற்குள் மைக்ரோஃபைபர் துணியால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகள் என்பதால், சாதாரணத் துணி எட்டாத இடுக்குகளையும் அது எட்டும். துணியை மடித்து மடித்து, ஒவ்வொரு முறையும் சுத்தமான பக்கத்தைப் பயன்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுகிறோம். கடைசியாக வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணி. சிலிக்கோன் ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று சுற்று தேவைப்படலாம்.

பெட்ரோல், தின்னர் போன்றவை எண்ணெயைக் கரைக்கும் என்பது உண்மைதான். கூடவே பிளாஸ்டிக்கையும் பதம் பார்த்துவிடும், மூடிய வண்டிக்குள் அந்த ஆவியும் ஆபத்து. கறை நீக்கப் பயன்படும் நுரைப்பஞ்சான மெலமைன் ஸ்பாஞ்ச் வேறு விதம். அது மிக நுண்ணிய உப்புத்தாள் போல மேடுகளையே தேய்த்துவிடும். அப்புறம் வருவது நிரந்தரப் பளபளப்பு. அதைக் கழுவி எடுக்க முடியாது.

எல்லாப் பிசுபிசுப்புக்கும் பாலிஷ் காரணம் அல்ல. சில கார்களில் பிளாஸ்டிக் மேல் ரப்பர் போன்ற மெத்தென்ற பாலியூரித்தேன் பூச்சு இருக்கும். வெப்பமும் காற்றின் ஈரப்பதமும் ஆண்டுக்கணக்கில் அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை வெட்ட, பூச்சே இளகிப் பிசினாகிவிடும். நகத்தால் கீறினால் தடம் விழுகிறதா, துணியில் கருப்பு ஒட்டுகிறதா? அப்படியானால் மேலே அழுக்கு இல்லை, பூச்சே சிதைந்துகொண்டிருக்கிறது. அதற்கு சோப்பு பதில் சொல்லாது. பூச்சை முழுதாக உரித்தெடுப்பது அல்லது அந்தப் பாகத்தை மாற்றுவதுதான் வழி.

எண்ணெய் போய்விட்டதா என்று பார்க்க, காய்ந்த பிறகு ஒரு டார்ச்சை டாஷ்போர்டுக்கு ஒட்டினாற்போல் சாய்த்து அடியுங்கள். இன்னும் மிச்சம் இருக்கும் இடங்கள் மட்டும் திட்டுத்திட்டாக மின்னும்.