எக்ஸாஸ்ட் ஃபேன் ஏன் முனகுகிறது?

மார்கழி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்காமல் தலைக்கு ஒரு சொட்டு எடுக்க முடியாது. சுமார் 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது உறைய ஆரம்பித்துவிடும். இங்கே அந்த மாதத்து விடியற்காலை 20 டிகிரிக்கும் கீழே சர்வசாதாரணமாக இறங்கும். இது தெரிந்திருந்தும், பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் கிறீச்சிட்டால் நம்மில் பலர் தேடி எடுப்பது அதே பாட்டிலைத்தான். ரெண்டு சொட்டு விட்டால் அன்றைக்கு ஃபேன் ஜோராக ஓடும். மறுநாள் காலை ஸ்விட்சைப் போட்டால் முனகல் மட்டும் வரும், இறக்கை அசையாது.

சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன்கள் பெரும்பாலானவற்றில் பால் பேரிங் இருக்காது, புஷ்தான் இருக்கும். வெண்கலத் தூளை அச்சில் அழுத்திச் சூடாக்கிச் செய்த சிறு வளையம் அது. பார்வைக்குக் கெட்டியான உலோகம். ஆனால் அதன் கன அளவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நுண்ணிய துளைகள், அத்தனையிலும் ஆயில் ஊறியிருக்கும். இறக்கையைத் தாங்கும் ஷாஃப்ட் (சுழலும் தண்டு) அந்த வளையத்துக்குள் சுழன்று சூடேறும்போது ஆயில் கசிந்து வந்து இரண்டுக்கும் நடுவே மெல்லிய படலமாக நிற்கும். ஃபேனை நிறுத்தி ஆறவிட்டால் பஞ்சு உறிஞ்சுவதுபோல் புஷ் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். இந்தப் போக்குவரத்து நடக்கும்வரை புஷ்ஷுக்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பாத்ரூமில் அது நெடுநாள் நடக்காது. ஈரக்காற்றோடு துண்டின் நூல் துகள், பவுடர், தலைமுடி எல்லாம் ஃபேன் வழியாகத்தான் வெளியே போகின்றன. ஷாஃப்ட் ஓரத்தில் படிகிற அழுக்கு ஆயிலைக் குடித்துவிடும், துளைகளும் அடைபடும். போர் தண்ணீரின் உப்புதான் ஃபேனைக் கெடுக்கிறது என்று சிலர் சொல்வார்கள். வாளியிலும் குழாயிலும் வெள்ளையாகப் படிவது அந்த உப்புதான், சரி. ஆனால் பழைய ஃபேனின் இறக்கையைக் கழற்றிச் சுரண்டிப் பாருங்கள், வருவது சாம்பல் நிறத்தில் கம்பளிபோல ஒட்டிய நூல் தூசி.

இன்னொரு சங்கடம், இந்த ஃபேன் சுவரில் இருப்பதால் ஷாஃப்ட் படுத்த நிலையில் சுற்றுகிறது. ரோட்டரின் (மோட்டாருக்குள் ஷாஃப்ட்டோடு சுழலும் பகுதி) எடை முழுவதும் புஷ்ஷின் அடிப்பக்கத்தில் விழும். வருஷக்கணக்கில் ஓடியதும் வட்டத் துளை முட்டை வடிவமாகத் தேய்ந்துவிடும். ரோட்டருக்கும் அதைச் சுற்றியுள்ள இரும்புத் தகடுகளுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பகுதிதான். புஷ் அவ்வளவு தேய்ந்தாலே போதும், ரோட்டர் தகட்டில் உரசும். அந்தக் கரகர சத்தத்துக்கு எந்த ஆயிலும் மருந்தில்லை.

சரி, முனகல் எங்கிருந்து வருகிறது? மலிவான ஃபேனின் மோட்டாரைத் திறந்தால் ஒரு காயில் (கம்பிச் சுருள்) இருக்கும், அடுக்கடுக்கான இரும்புத் தகடுகள் இருக்கும். தகட்டின் ஒவ்வொரு முனையிலும் ஓரமாக ஒரு தடித்த செம்பு வளையம் மாட்டியிருக்கும். எந்த வயரோடும் சேராமல் சும்மா கிடக்கிறதே என்று தோன்றும், ஆனால் ஃபேனைச் சுற்ற வைப்பதே அதுதான். வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி திசை மாறுவது. ஒற்றைக் காயில் அதனால் உண்டாக்கும் காந்தப்புலம் கூடிக் குறைந்துகொண்டே இருக்குமே தவிர, சுழலாது. எந்தப் பக்கம் திரும்புவது என்று ரோட்டருக்குத் தெரியாது. செம்பு வளையம் மாட்டிய ஓரத்தில் மட்டும் கதை வேறு. மாறுகிற காந்தப்புலம் வளையத்துக்குள் ஒரு மின்னோட்டத்தைத் தூண்டும், அந்த மின்னோட்டம் மாற்றத்தை எதிர்க்கும். அதனால் அந்த ஓரத்தில் காந்தப்புலம் கொஞ்சம் தாமதமாக ஏறும். மொத்தத்தில், வளையம் இல்லாத பக்கத்திலிருந்து வளையம் உள்ள பக்கத்துக்குக் காந்தப்புலம் நகர்ந்துகொண்டே இருக்கும். ரோட்டர் அந்தத் திசையில் இழுபட்டுக் கிளம்புகிறது.

செலவில்லாத அருமையான ஏற்பாடு. ஆனால் கிளம்பும்போது கிடைக்கிற திருப்புவிசை மிகமிகக் குறைவு. உறைந்த எண்ணெயோ பிசுக்கோ கொஞ்சம் பிடித்தால்கூட ரோட்டர் நின்ற இடத்திலேயே அதிரும். நாம் கேட்கும் முனகல் அந்த அதிர்வுதான். அப்படி நிற்கும்போது காயிலில் வழக்கத்தைவிட அதிக மின்னோட்டம் பாயும், ஆற்றுவதற்குக் காற்றும் இருக்காது. சூடு ஏறிக்கொண்டே போகும். பல மோட்டார்களில் காயிலுக்குள் ஒரு சின்ன வெப்ப ஃபியூஸ் வைத்துக் கட்டியிருப்பார்கள், அது உருகினால் முனகலும் நின்றுபோகும். அதை ஒதுக்கிவிட்டு வயரை நேராக இணைத்து ஓட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தீப்பிடிக்காமல் காப்பதற்காக வைத்தது அது.

கொஞ்சம் விலை கூடிய ஃபேனில் செம்பு வளையத்துக்குப் பதிலாக இரண்டாவது காயிலும் ஒரு கண்டென்சரும் இருக்கும். கண்டென்சர் பலவீனமானாலும் இதே முனகல்தான் கேட்கும். எது கோளாறு என்று கண்டுபிடிப்பது எளிது. மின்சாரத்தை நிறுத்திவிட்டு இறக்கையை விரலால் சுண்டுங்கள். நாலைந்து சுற்று தாராளமாகச் சுற்றினால் கண்டென்சரைச் சந்தேகப்படலாம், அரைச் சுற்றில் நின்றால் புஷ். கண்டென்சர் சில பத்து ரூபாய் சமாச்சாரம். புஷ் காய்ந்திருக்கிறது, இன்னும் தேயவில்லை என்றால் சுத்தம் செய்து தையல் மெஷின் ஆயில் விட்டால் இன்னும் சில மாதம் தள்ளும். தேய்ந்துவிட்டால் புதிது வாங்குவதே மேல். சமையலறையின் 12 அங்குல இரும்பு ஃபேனை காயிலைப் புதிதாகச் சுற்றித் தரும் ரீவைண்டிங் கடைக்குக் கொண்டு போகலாம். 6 அங்குல பிளாஸ்டிக் ஃபேனுக்குக் கூலியே கட்டுப்படியாகாது.

வாங்கப் போகும்போது பழைய ஃபேனையே கையில் எடுத்துப் போங்கள். 6 அங்குலம் என்பது இறக்கையின் அளவு. சுவர் ஓட்டைக்குள் போகும் உடம்பின் அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இதைக் கவனிக்காமல் வாங்கினால் சுவரைக் கொத்த வேண்டிவரும். பால் பேரிங் போட்டது கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கலாம், படுத்த ஷாஃப்ட்டுக்கு அது நல்லது.

கழற்றும்முன் ஸ்விட்சை நிறுத்தினால் போதாது, மின்பெட்டியில் உள்ள எம்.சி.பி.யை (மின்சாரத்தைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்க வேண்டும். பழைய வீடுகளில் ஸ்விட்சை மின்சாரம் வரும் ஃபேஸ் வயரில் போடாமல், திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டு வைத்திருப்பதுண்டு. அங்கே ஸ்விட்ச் ஆஃப் ஆக இருந்தாலும் ஃபேன் வயரில் ஃபேஸ் நின்றுகொண்டிருக்கும். டெஸ்டரை முதலில் வேலை செய்கிற ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் எம்.சி.பி.யை இறக்கி ஃபேன் வயரில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, மின்சாரம் இல்லாவிட்டாலும் எரியாது. இந்த வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுவிடுவதே நல்லது. மாட்டும்போது ஃபேன் வெளிப்பக்கம் கடுகளவு சரிவாக இருக்கட்டும், அடைமழையில் உள்ளே வரும் தண்ணீர் வெளியே வடிந்துவிடும். வயர் ஃபேனுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கொஞ்சம் கீழே தொங்கி மேலே ஏறினால், வயர் வழியே வரும் ஈரம் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இதற்கு மேல்தான் பலர் கோட்டை விடுவது. 5க்கு 8 அடி பாத்ரூம், 9 அடி உயரம் என்றால் சுமார் 10 கன மீட்டர் காற்று. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத்தான் தாங்கும், 30 டிகிரியில் 30 கிராம் தாங்கும். வெந்நீரில் குளிக்கும்போது சூடாகி நீராவியை வாங்கிக்கொண்ட காற்று, மார்கழிக் குளிரில் சில்லிட்ட சுவரைத் தொட்டதும் மிச்சத்தை அங்கேயே விட்டுவிடும். கூரை மூலையில் பூக்கும் கரும்பூஞ்சைக்கு அதுதான் தண்ணீர். அந்தக் காற்றை வெளியே தள்ள வேண்டுமென்றால் அதே அளவு காற்று உள்ளே வந்தாக வேண்டும். எங்கே வரும்? ஜன்னல் சாத்தியிருக்கும். தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் கிரானைட் பட்டை பதித்திருப்போம். கிருஷ்ணகிரியில் கிரானைட்டுக்கா பஞ்சம்! பிளாஸ்டிக் கதவு அந்தக் கல்லில் இறுக்கமாக உட்கார்ந்துவிடும். பெட்டியின் மேல் மணிக்கு இருநூறு, முந்நூறு கன மீட்டர் என்று அச்சடித்திருப்பது எதிரே தடையே இல்லாதபோது தள்ளுகிற அளவு. அடைத்த அறைக்குள் இறக்கை அதே காற்றைத்தான் கடைந்துகொண்டிருக்கும்.

கதவை மூடி ஃபேனைப் போட்டுவிட்டு, வெளியே நின்று ஒரு டிஷ்யூ பேப்பர் துண்டைக் கதவின் அடியில் பிடியுங்கள். உள்ளே இழுபட்டால் நல்லது. இல்லையென்றால் கதவின் அடியை அரை அங்குலம் அறுக்க வேண்டும், அல்லது கதவில் ஒரு கிரில் போட வேண்டும். மணிக்கு 80 கன மீட்டர் போனாலே இந்த அறைக்குப் போதும். அந்தக் கணக்கில் அறையளவு காற்று ஏழெட்டு நிமிடத்தில் வெளியேறும். ஆனால் புதுக்காற்று பழையதோடு கலந்துகொண்டே இருப்பதால், அந்த நேரத்தில் பழைய காற்றில் சுமார் 37 சதவீதம் தங்கிவிடும். இன்னும் இரண்டு மடங்கு நேரம் ஓடினால் 5 சதவீதத்துக்கு இறங்கும். எனவே குளித்து முடித்தபின் 20, 25 நிமிடம் ஓடட்டும். 30 வாட் ஃபேன் தினமும் இப்படி ஓடினால் மாதத்துக்கு அரை யூனிட்கூட வராது, கரண்ட் பில்லுக்குப் பயந்து உடனே நிறுத்த வேண்டியதில்லை.

மேற்குச் சுவரில் ஃபேன் இருந்தால் ஆடியில் இன்னொரு தொல்லை உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகக் காற்று சுவரில் மோதினால் ஏறத்தாழ 40 பாஸ்கல் அழுத்தம் கொடுக்கும். சின்ன ஃபேன்கள் பலவும் அதை எதிர்த்துத் தள்ள முடியாமல் திணறும், ஷட்டர் படபடவென்று அடித்துக்கொள்ளும். புது வீடு கட்டுகிறவர்கள் வடக்கிலோ கிழக்கிலோ ஓட்டை விடச் சொல்லலாம். கட்டி முடித்தவர்கள் வெளியே ஒரு கூண்டு மாட்டலாம். அதன் வாய் கீழே பார்த்து இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒருமுறை உள்ளே குளவி கூடு கட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.